பத்து நொடி நாக்கு

எங்கள் மருத்துவமனைக் கோப்பில் அவரைப் பற்றி இப்படி இருக்கிறது: "நாக்குப் படப் பதிவாளர், இரண்டாம் நிலை. நிதானமும் பொறுமையும் அசையாத கையும் உடையவர். படம் கச்சிதமாக அமையும்வரை காத்திருப்பவர்."

ஆனால் அந்தப் பியோன் மிஹ்வாவால் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்க முடியாது. ஐந்து மாடி ஏறி வந்து, லிஃப்டில் வருகிறவர்களுக்காகக் காலைத் தட்டிக்கொண்டு நிற்பார். காபி இயந்திரம் ஊற்றி முடிப்பதற்குள் கோப்பையை உருவிக் கையைச் சுட்டுக்கொள்வார்.

எங்கள் கொரியாவின் தேகு நகரத்தில் நாக்கைப் பார்த்து நோய் சொல்வது பழைய சங்கதி; கணினி சொல்வதுதான் புதிது. கணினிக்கோ ஒரே நாக்கு அரை மணிக்கு ஒரு நிறம். மீன்கடைக்காரர் ஒருவரை முதலில் ஆரோக்கியம் என்றது, மறுபடி உட்கார வைத்தால் நாக்கு ஊதா, இரத்தம் தேங்கியிருக்கிறது என்றது.

"அரை மணியில எனக்கு என்னய்யா ஆச்சு? உங்க பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்!"

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு படம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நாக்குப் பட இயந்திரம் வாங்கிய இடத்துக்கே திரும்பிப் போகும். ஒப்பந்த ஊழியர் மிஹ்வாவும் வீட்டுக்குப் போவார். பாதிப் பேர் அவருக்கு, பாதிப் பேர் இன்னொரு பதிவாளர் குக் இன்சொப்புக்கு. கோப்பில் இருக்கும் வர்ணனை உண்மையில் இன்சொப்புக்குத்தான் பொருந்தும். நாக்கு நுனி திரைக்கோட்டில் வந்து உட்காரும்வரை, "இன்னும் கொஞ்சம்... இன்னும்..." என்று கெஞ்சுவான். மிஹ்வாவோ, "நீட்டுங்க. ஆச்சு. போங்க." தன் வரிசை சீக்கிரம் முடிந்துவிட, இன்சொப்பின் முதுகுக்குப் பின்னால் போய் அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்சொப்பின் படங்கள் அழகாக இருந்தன, ஒத்துப்போகவில்லை. மிஹ்வாவின் படங்கள் கோணலாக இருந்தன, எல்லாம் ஒத்துப்போயின. சோதனையை நடத்திய டாக்டர் மேங்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரே படத்தை ரெண்டு தடவை போட்டுட்டீங்களாம்மா?"

"பழைய படத்தைத் தேடி எடுத்துப் போட எனக்குப் பொறுமை ஏது டாக்டர்? உக்காருங்க. நாக்கை நீட்டுங்க."

டாக்டர் நீட்டினார். உடனே ஒரு படம்.

"உள்ள இழுக்காதீங்க."

பத்து நொடி. டாக்டர் ஏதோ திட்டினார், நாக்கு வெளியே இருந்ததால் புரியவில்லை. அவரைவிட மிஹ்வாதான் அதிகம் தவித்தார். இரண்டாவது படம் எடுத்தார். முதல் படத்தில் நாக்கு இளஞ்சிவப்பு; இரண்டாவதில் ஊதா.

"உங்களுக்கும் ரத்தம் தேங்கிடுச்சு டாக்டர். பத்தே நொடியில."

இன்சொப் தன் திரையைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ நான் பார்த்துப் பார்த்து எடுத்ததெல்லாம்..."

"நீ 'இன்னும் கொஞ்சம்'னு சொல்லச் சொல்ல நாக்கு நிறம் மாறுச்சுப்பா. ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு அளவு நேரம் நீட்ட வெச்சா, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?"

சனிக்கிழமை இன்சொப்பின் இருபது பேரையும் மிஹ்வாவே மறுபடி எடுத்தார். ஒத்துப்போயின. இயந்திரம் தங்கியது, திங்களன்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். கோப்பில் அந்தப் பொறுமையும் அசையாத கையும் அப்படியே இருக்கின்றன.

பியோன் மிஹ்வா செய்தது, நாற்பது பேரின் நாக்கையும் நீட்டிய இரண்டு நொடிக்குள் படம் எடுத்ததுதான்.