ரூபியின் பொட்டு

சாந்துப் போத்தலைத் திறந்தால் இன்றும் எனக்கு ரெட்ஃபெர்ன் மணக்கிறது. எழுபதுகளில் அங்கே, கறுப்பர் தெருவென்று சிட்னி நகரம் ஒதுக்கிவைத்த ஒரு தெருவில், வாடகை மலிவென்பதால் புதிதாய் வந்திறங்கிய தமிழர் நாங்களும் இருந்தோம்.

“பொட்டில்லாமல் வெளிக்கிடாதையும். வெள்ளைக்காரர் எங்களையும் இந்த ஊர்க் கறுப்பர் எண்டு நினைச்சிடுவாங்கள்,” என்பார் கணவர். குப்பை கொட்டப் போகவும் பொட்டு வைத்தேன்.

பக்கத்து வீட்டு ரூபி அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் குழந்தையைப் பார்த்தவள். வீடு சரியில்லையென்று சொல்லி ஆதிக்குடிப் பிள்ளைகளை அரசு பறித்துக்கொண்டிருந்த காலம்; ஒழுகாத வீடொன்று கிடைக்காவிட்டால் அவளுடைய மகளையும் அதிகாரிகள் கொண்டுபோய்விடுவார்கள். ஆதிக்குடி என்பதால் அவளுக்கு வீடு தரத்தான் ஆளில்லை.

ஒருநாள் என் சேலையைக் கட்டிக்கொண்டு நெற்றியை நீட்டினாள்.

“எனக்கும் ஒண்டு வைச்சுவிடு. வீட்டுத் தரகனிட்ட உன்ர அக்கா எண்டு சொல்லு. அவங்களுக்கு எல்லாக் கறுப்பும் ஒண்டுதானே.”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

வீட்டுத் தரகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உன் அக்காவா?”

ஓம் என்றிருந்தால் போதும். என்னையும் அவளோடு சேர்த்துவிடுவானோ என்ற பயத்தில், “இல்லை, பக்கத்து வீட்டுக்காரி,” என்றேன். சாவி அவன் சட்டைப்பைக்குள் போனது.

அடுத்த மாதம் மகளைக் கொண்டுபோனார்கள். ரூபி தெருவை விட்டுப் போகுமுன் என் சேலையைத் தோய்த்து மடித்துக்கொண்டு வந்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை.

“வெளியில போகேக்க பொட்டு வைக்க மறந்திடாதை, தங்கச்சி.”