கூட்டிக் கழுவி வைத்த கால்

கம்பெனியில் எந்த நிறத்து ஆர்டர் ஓடுகிறது என்பதை அப்பாவின் காலைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். முழங்காலுக்குக் கீழே சீழ் வடியும் புண்ணை, மேஜையில் மிஞ்சும் துண்டுத் துணியால் கட்டிக்கொள்வார். சில வாரம் ரோஸ், சில வாரம் கிளிப்பச்சை. ஏற்றுமதித் தரம், குறை சொல்ல முடியாது.

நான் பள்ளியில் படிக்கும்போது மொபெட்டிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது; கூடவே கிருமியும் குடியேறியது. சீழ் வந்தால் மருந்துக்கடை மாத்திரை, சீழ் நின்றால் மாத்திரையும் நிற்கும். "ஆறிப்போச்சு கண்ணு" என்று அடிக்கடி அறிவிப்பார். இத்தனை தடவை குணமான மனிதர் எங்கள் தெருவில் வேறு யாருமில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, கடைசியில் போய்ச் சேர்ந்த கோயம்புத்தூர் எலும்பு டாக்டரிடம் பேசும் பதவி எனக்கே. அப்பா, கால் வேறு யாருடையதோ என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைச் சுற்றி எலும்பில் ஒரு பகுதி செத்துக் கிடக்கிறது, ரத்தமே போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும் என்றார் டாக்டர். கம்பியை எடுத்து, செத்த எலும்பை வெட்டி, அதில் இருக்கும் கிருமியைக் கண்டுபிடித்து மருந்து தர வேண்டும். தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஆன்டிபயாட்டிக் எதுவும் கூடாது. கிருமி உயிரோட கிடைச்சாத்தான் எதுன்னு தெரியும்."

வீட்டில் அப்பாவுக்கு நான் மறுபடியும் விளக்கினேன். தலையாட்டினார். படித்த பெண் பேசினால் தலையாட்டுவது எங்கள் வீட்டு மரியாதை. கேட்பது வேறு இலாகா.

ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போன அன்று டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் காய்ந்து சுத்தமாக இருந்தது. அப்பா முகத்தில் முதல் பரிசு வாங்கிய களை.

"மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"வேண்டாம்னு சொன்னேனே?"

"நீங்க பாக்கறப்ப நாறிக்கிட்டுக் கெடந்தா நல்லாருக்குங்களா? ஆர்டர் குடுக்கற பையர் வர்றாருன்னா கம்பெனியக் கூட்டிக் கழுவி வெக்க மாட்டமா?"

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். பையர் வரும் நாளில் முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வரும், எல்லார் மூக்கிலும் மாஸ்க் ஏறும். அவர் கார் கேட்டைத் தாண்டிப் போனதும் இறங்கும். இன்னொரு கம்பெனியில் அந்தக் கூட்டிக் கழுவுதலை மேற்பார்வையிடத்தான் எனக்குச் சம்பளம். நான் எப்படித் திட்டுவது?

ஆபரேஷன் தள்ளிப்போனது. மாத்திரை அட்டைகளை என் கைப்பையில் போட்டுப் பூட்டி வைத்தேன். சீழ் மறுபடி வந்தது.

"நாத்தம் தாங்கல கண்ணு, ஒண்ணே ஒண்ணு குடு."

"இந்தப் பையருக்குக் குறைதான் வேணுமாம்ப்பா."

"நல்ல பையரப் புடிச்ச போ!"

இம்முறை கட்டைப் பிரித்ததும் சீழ் வழிந்தது. அப்பா கூச்சத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரோ, "இப்பச் சரி" என்று மலர்ந்தார்.

"சீழப் பாத்துச் சந்தோசப்படற ஆள இப்பத்தாங் கண்ணு பாக்கறேன்" என்றார் அப்பா, என் காதில்.

கம்பி வெளியே வந்தது. செத்த எலும்பை வெட்டிய பள்ளத்தில் மருந்து கலந்த சிமெண்ட் உருண்டைகளை வைத்து, எலும்பு அசையாமலிருக்கக் காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டினார்கள். கிருமியும் அகப்பட்டது, அதன் பெயரைச் சொல்ல எனக்கே நாக்கு சுளுக்கியது. அதற்கென்றே ஒரு மருந்து நரம்பில் இறங்கியது. பள்ளத்தை நிரப்ப இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது, ஆனால் காலை எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். அம்மா சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அங்கே தீயணைப்புக் கருவி இருந்தது.

பார்க்க ஆட்கள் வந்தபோதெல்லாம் அம்மா ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். இளநீரோடு வந்த என் தாய்மாமா மட்டும் போர்வையைத் தூக்கியே பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, கால்ல டிஷ் ஆண்டெனா மாட்டீட்டாங்க?"

"ஆமா மச்சான், எல்லாச் சேனலும் வருது."

அம்மா மறுபடி மூடப் போனாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"மூடாத புள்ள. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."