பழைய ஆள் என்று எழுதினேன்

பத்திரிகையில் மறுபடியும் அந்தச் செய்தி. விமானப்படையின் ஸ்குவாட்ரன்களுக்குப் புது விமானங்கள் வரப்போகின்றனவாம், பழையவற்றுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்களாம். ஈப்போவில் என் வீட்டில் உட்கார்ந்து இதைப் படித்தேன். அந்தப் படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் போன முறை எங்கள் ஸ்குவாட்ரனுக்குப் புது விமானம் வந்தபோது நான் ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன்.

அவனை மச்சான் என்றே எழுதுகிறேன். உறவு ஒன்றும் கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம், ஒரே நாளில் படையில் சேர்ந்தோம், அவ்வளவுதான். நான் பரீட்சைக்காரன். புத்தகத்தைக் கரைத்துக் குடித்துச் சீக்கிரமே சார்ஜன் ஆனேன். அவன் கையால் படித்தவன். விமானத்தின் அடியில் எண்ணெய் சொட்டினால் விரலால் தொட்டு மோந்து பார்ப்பான். "இது ஹைட்ராலிக் இல்ல மச்சான், இஞ்சின் எண்ண. பின்னாடி மூடியக் கழட்டு" என்பான். கழற்றினால் கசிவு அங்கேதான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். நான் கையேட்டில் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் அவன் கை கழுவப் போயிருப்பான்.

புது விமானம் வருகிறது என்றதும் விமானம் நிறுத்தும் ஹேங்கர் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் தனியாக ஒரு கோர்ஸ் முடிக்க வேண்டும். எங்கள் பிரிவுக்கு இரண்டே இடம். என் பெயரை எனக்கு மேலே இருந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி நான் எழுத வேண்டும். மலாயில் பூர்த்தி செய்ய ஒரு பாரம், கடைசியில் 'கருத்து' என்று ஒரு கட்டம். மச்சானுடைய பாரத்தில் யோசிக்காமல் எழுதினேன்: ஓராங் லாமா. பழைய ஆள். இப்போதுள்ள விமானத்தில் இவருக்குத் தெரியாத ஆணி இல்லை.

சிரிக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. புதுக் காட்டில் மரங்கள் பால் எடுக்கும் முதல் வெட்டுக்குத் தயாரானால் தோட்டத்து எழுத்தரான கிராணி பழைய ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார். இளம் பட்டை, கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் கெட்டுப்போகும். "அவரு பழைய ஆளுப்பா, புதுசுக்கு அவர விடு" என்பார்கள். என் அப்பாவைப் பற்றி அப்படிச் சொன்னதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தி நடந்தவன் நான். அந்தத் தோட்டத்து வார்த்தையை அப்படியே தூக்கி மலாய்ப் பாரத்தில் போட்டேன்.

பட்டியல் வந்தது. நானும் ஓர் இளம் கார்ப்பரலும். மச்சான் பெயர் இல்லை.

ஆபீசர் நல்ல மனிதர், மலாய்க்காரர். அவர் அறைக்குப் போய்க் கேட்டேன். பாரத்தை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். "நீதானே எழுதியிருக்கிறாய், சார்ஜன்? பழைய ஆள், இந்த விமானத்தின் ஒவ்வோர் ஆணியும் தெரியும் என்று. இன்னும் சில வருடங்களுக்குப் பழைய விமானங்களும் பறந்தாக வேண்டும். இவரை விட்டால் யார் பார்ப்பார்கள்?"

எனக்கு உறைத்தது. நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "பழசுக்கு ஒரு கெட்டிக்காரர் கட்டாயம் வேண்டும். அவர் போகட்டும் என்றால் நீ இருக்க வேண்டியதுதான். இரண்டு வாரம் இருக்கிறது, யோசித்துச் சொல்."

யோசிக்க என்ன இருந்தது? திருத்த வேண்டிய தப்பு என்னுடையது. ஆனால் அந்த இரண்டு வாரமும் என் வாயில் கொழுக்கட்டை. வீட்டில் எல்லோரிடமும் கோர்ஸ் கிடைத்ததைச் சொல்லியாகிவிட்டது, மனைவி பெட்டி வாங்கி வைத்துவிட்டாள் என்று எனக்கு நானே காரணம் அடுக்கிக்கொண்டேன். சுயநலம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

மச்சானிடம், "அடுத்த பேட்ச்ல கண்டிப்பா உன் பேரு வரும்லா" என்றேன்.

"சரி மச்சான். நீ மொதல்ல போய்ட்டு வா" என்றான். பேருந்து வரைக்கும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அடுத்த பேட்ச்சுக்கு எங்கள் பிரிவிலிருந்து யாரையும் எடுக்கவில்லை.

பழைய விமானங்களை அவன்தான் கடைசிவரை பறக்க வைத்தான். பிறகு அவற்றை வரிசையாக நிறுத்திப் படுதா போட்டு மூடினார்கள். படையில் அவன் தவணையும் முடிந்தது. நான் படையை விட்டு வெளியே வந்ததும் புது விமானத்தில் வேலை பார்த்தவன் என்று சொல்லி, விமானம் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சுலபமாக நுழைந்துவிட்டேன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே விமானம். அது நாட்டில் எங்கேயும் பறக்கவில்லை. கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கப் போனான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். விரலால் தொட்டே கசிவைக் கண்டுபிடித்தவன்! நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக மோட்டார்சைக்கிளில் ஈப்போவுக்கு வந்திருந்தான். காலையில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அவனும் செய்தியைப் படித்திருந்தான்.

"புதுசு வருதாமே மச்சான். நம்ம பயலுவ யாராச்சும் கோர்ஸுக்குப் போறானுவளா?" என்று கேட்டான். குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். பாரத்தில் எழுதியது, ஆபீசர் கேட்டது, நான் பேசாமல் இருந்தது எல்லாவற்றையும். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவன் கடைசிவரை கேட்டான்.

"தெரியும்லா" என்றான்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். உங்கிட்டப் பேசுன மறுநாளே ஆபீசர் என்னயும் கூப்ட்டாரு. பாரத்தக் காட்டுனாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இந்தப் பய தோட்டத்துல பேசுறத அப்படியே எழுதி வச்சிருக்கான்னு. ஒனக்குப் போகணும்னா சொல்லு, சார்ஜன நிறுத்திக்கிறேன்னாரு."

ஆறிய ரொட்டியைத் தள்ளி வைத்தேன். "நீ என்னடா சொன்ன?"

"வேணாம்னேன்."

"ஏன்டா?"

அவன் தே தாரிக் தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"எழுதுனவனே ஆபீசர்கிட்ட வந்து தப்பச் சொல்லட்டும்னு பாத்தேன். நீ வந்து சொல்லியிருந்தா, பரவால்ல நீயே போன்னுதான் ஒன்ன அனுப்பியிருப்பேன் மச்சான். ரெண்டு வாரமும் ஆபீஸ் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வரவே இல்ல."