கிளினிக்குக்கு ஒரு வெள்ளைச் சேலை

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு நாளாவது என் அம்மாவின் முதுகு வரவேண்டும் என்று நான் வேண்டியிருக்கிறேன். மாதா கோயிலில் முழங்காலில் நின்றுதான் வேண்டினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டினவள். மழையில் வழுக்கிய சரிவில் பால் வாளியோடு விழுந்தாள். எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் அடங்கவில்லை. இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை நெருப்பாக எரிகிறது என்பாள். பெரியாஸ்பத்திரியில் எழுதித் தந்த கேப்சூல்தான் அவளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. அதன் பிறகு எங்கள் லயத்து வீடுகளுக்குப் பொதுவான குழாயடிக்குத் தானே நடந்து போய் வந்தாள்.

பிறகு ஊரில் பையன்கள் அதே கேப்சூலைப் போதைக்கு விழுங்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு வந்தது. வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இவர்கள் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையல்லவா கொளுத்தினார்கள். முன்பு அம்மாவின் கிளினிக் அட்டையைக் கொண்டுபோய் நானே மருந்து வாங்கி வருவேன். இப்போது மாதாமாதம் நோயாளியே நேரில் வரவேண்டும், டொக்டர் பார்த்துத்தான் எழுதுவார். உட்கார முடியாதவளை, உட்கார வைக்கும் மருந்துக்காக, தோட்டத்துக் கல்லுப் பாதையில் ஆட்டோவிலும் அதற்குப் பிறகு பஸ்ஸிலும் குலுக்கிக் கொண்டு போகவேண்டும்.

போகிற நாளில் அம்மா செய்ததுதான் என் வயிற்றெரிச்சல். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். முகத்துக்குப் பவுடர் போட்டாள். எங்கள் ஆட்கள் தோட்டத்துத் துரைக்கு முன்னாலும் டொக்டருக்கு முன்னாலும் அழுக்காகவோ அழுதுகொண்டோ நிற்கமாட்டார்கள். அது மரியாதை இல்லையாம். புதிதாக வந்திருந்த இளம் டொக்டர், வலி எப்படி என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஹொந்தாய் மஹத்தயா," என்றாள் அம்மா சிரித்தபடி.

நன்றாக இருக்கிறதாம். நான் பல்லைக் கடித்தேன். டொக்டர் அவள் சேலையைப் பார்த்தார், பிறகு என் தாடியைப் பார்த்தார். இந்த மருந்தை வீட்டில் வேறு யாராவது குடிக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று சொல்லி முடிக்கும் முன்பே அளவைப் பாதியாகக் குறைத்து எழுதிவிட்டார்.

அந்த மாதம் முழுக்க அம்மா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அடுத்த முறையாவது வீட்டுச் சேலையோடு வா, வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல் என்று கெஞ்சினேன்.

"நோவக் காட்டி என்னய பிச்ச எடுக்கச் சொல்றியாடா?" என்றாள்.

மறுபடியும் வெள்ளைச் சேலை. மறுபடியும் அதே ஹொந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மரியாதைக்குச் சொல்கிறாள், உண்மையில் படுத்த படுக்கை என்று டொக்டரிடம் சிங்களத்தில் சத்தம் போட்டேன். அவர் முகம் இறுகியது. என்னைப் பேச வேண்டாம் என்று கையை வீசினதில் மேசையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

துரைமார் கையிலிருந்து எது விழுந்தாலும் எடுத்துக் கொடுத்துப் பழகின உடம்பு. அம்மா யோசிக்காமல் குனிந்துவிட்டாள். நிமிர முடியவில்லை. அவள் அலறிய அலறலில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டரே ஓடிவந்து தாங்கினார். பழைய அளவையே எழுதித் தந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சத்தம் போட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். மருந்தைக் குறைத்தவர் கேட்கவில்லை, வலித்தவள் கேட்டாள். அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

லயத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அம்மா சொன்னாள்:

"அத்தன பேருக்கு முன்னால கத்திப்புட்டேன். இனிமே நான் அங்க வரமாட்டேன். நீயே போயி வாங்கிட்டு வா."

நான் போனால் தரமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். போய்க் கேட்டும் பார்த்தேன், நோயாளி எங்கே என்றுதான் கேட்டார்கள். கேப்சூல் முடிந்துவிட்டது. இன்று காலை, சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போகப் பார்த்தவளிடம், வலி எப்படியம்மா என்று கேட்டேன்.

"பரவால்லடா," என்று என்னைப் பார்த்தும் சிரித்தாள்.