மெரிலேண்ட்ஸ் தெருக்களில் சோலார் விற்றேன்

சோலார் விற்கிறவன் வெயில் அடித்தால் தெருவில் காய வேண்டும், மழை பெய்தால் மேனேஜரிடம் காய வேண்டும். கதவு முகத்தில் சாத்தப்படும் சத்தம் தெரிந்தவர்களே, உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

உள்ளூர் அனுபவம்

நீலகிரியில் நீர்மின் நிலையத்தில் என்ஜினியராக இருந்துவிட்டுத்தான் சிட்னிக்கு வந்தேன். இங்கே நீர்மின் திட்டங்களுக்கு ஆளே கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். நமக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நம்பி நேர்காணலுக்குப் போனேன். டர்பைன் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்டவர் தலையாட்டி ரசித்துவிட்டுக் கடைசியில் சொன்னார்: "எல்லாம் பிரமாதம். ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லையே!"

கதவு தட்ட வந்தது அப்படித்தான்.

அன்ரி வீட்டுக் கூரை

"உள்ளுக்க வந்து கதிரையில இருங்கோ தம்பி" என்றார் அந்த யாழ்ப்பாணத்து அன்ரி. அந்தத் தெருவில் என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான். வாடகை வீடு. கரண்ட் பில்லுக்குப் பயந்து ஏசி போடாமல், படுக்கையில் கிடந்த கணவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டு ஓனரிடம் நானே பேசிப் பேசிக் கரைத்தேன். கூரையில் பேனல் ஏறியது. அன்ரி வடை சுட்டுக் கொடுத்தார்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, சோலார் உள்ள வீடு என்று வாடகையை ஏற்றிவிட்டார் ஓனர். கட்ட முடியாமல் இருவரும் காலி செய்தார்கள். விஷயம் தெரிந்து ஓடினேன். வேனில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அன்ரி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்: "வெயிலுக்கும் வாடகை கேக்கிறாங்கள் தம்பி."

ஈரக் கூரை

சோலார் பேட்டரிக்கு அரசாங்கம் தள்ளுபடி அறிவித்ததும் போன் ஓயவில்லை. பேனல் மாட்டுகிற செந்தில் திருநெல்வேலிக்காரர். மழை விட்ட கையோடு கூரையில் ஏறச் சொன்னார் மேனேஜர் வெங்கட். "ஓடு காயட்டும் சார்" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு ஏறினார் செந்தில். வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

ஆம்புலன்சில் கூடவே போனேன். வலியில் என் கையை அவர் நசுக்கிக்கொண்டிருந்தபோது வெங்கட் போன் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "ஐயையோ, பாவம்ப்பா" என்றார். ஒரு மூச்சு விட்டுக் கேட்டார்: "சரி, மிச்ச பேனலை யாரு மாட்டுறது?"

நல்ல செய்தி

வேலையிடப் பாதுகாப்பு விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். "நீங்க சொன்னதாலதான் எனக்கு நஷ்டஈடு கிடைக்கப் போகுது அண்ணாச்சி" என்றார் செந்தில். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாளில் வெங்கட் கூப்பிட்டார். விற்பனை மெல்போர்னுக்கும் பரவிவிட்டதாம், ஆர்டரெல்லாம் இனிமேல் இணையத்திலேயே வருமாம். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சிரித்தபடி சொன்னார்: "கம்பெனி வளருதுப்பா, அதான் ஆளைக் குறைக்கிறோம்."

சூரியனை நம்பியவர்கள் கெட்டதில்லை என்று இன்றும் சொல்வேன், சூரியனை விற்கிறவர்களை நம்பியவர்களைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.