மூன்றாவது பட்டன்

அந்தப் பள்ளியில் அவளுக்கு 'நடை டீச்சர்' என்று பெயர். நடனம் சொல்லித்தர வந்தவள் முதல் மூன்று வாரமும் பிள்ளைகளை வெறுமனே நடக்கவிட்டதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஈரத் தரையில் நடப்பதுபோல் நட, யாரோ பின்னால் வருவதுபோல் நட. "டான்ஸ் எப்ப மிஸ் ஆரம்பிக்கும்?" என்று கேட்டால், "ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு" என்பாள்.

அவளும் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பல் தேய்த்துக்கொண்டே வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிடுவாள். எலக்ட்ரீஷியனான கணவன், "கொஞ்சம் உட்காரேன். உன்னைப் பார்த்தே எனக்குக் கால் வலிக்குது" என்பான். பத்து வருடம் ஒரு சரக்கு அலுவலகத்தில் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்து, மாலைகளில் மட்டும் ஒரு குழுவோடு ஆடிவந்தவள், ஒருநாள் வேலையை உதறிவிட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கிளம்பிவிட்டாள். ஆடிப் பழகாத பிள்ளைகள்மேல் தன் ஸ்டெப்பைத் திணிக்கக் கூடாது, அவர்கள் அசைவிலிருந்தே ஆட்டத்தை எடுக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

தலைமையாசிரியைக்கு அது பிடிபடவில்லை. "ஆண்டு விழாவுக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு. எல்லாரும் ஒண்ணா கையைத் தூக்கினா போதும், பெத்தவங்க கைதட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

நான்காவது வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். வீட்டில் யாராவது ஏதாவது செய்வதைக் கூர்ந்து பார்த்து, அதை அப்படியே உடம்பில் கொண்டுவர வேண்டும். மறு வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். ஒருத்தி துணி பிழிந்தாள். ஒருவன் மாமா லாரி ஓட்டுவதைச் செய்தான். பிறகு கடைசி வரிசை நெட்டைப் பெண் நடுவில் வந்து, இடது கையை உயிரில்லாததுபோல் தொங்கவிட்டாள். காலரை முகவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் இல்லாத பட்டன்களைப் போட்டாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது வழுக்கியது. மறுபடி போட்டாள், மறுபடி வழுக்கியது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. ஐந்தாவது தடவை தோளை இறக்கி, மூச்சைப் பிடித்து அந்தப் பட்டனை ஏற்றினாள். அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது.

"யாரு அது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்பா. பக்கவாதம் வந்து எட்டு மாசமாகுது."

விழாவுக்கு இதையே செய்வோம் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். டீச்சரும் தலையாட்டிவிட்டாள். ஆட்டிய நிமிடத்திலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

பயந்த மாதிரியே இரண்டாம் நாள் அந்த நெட்டைப் பெண்ணின் அம்மா, மருந்துக் கம்பெனி சீருடையோடு ஆசிரியர் அறைக்கு வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் படுற பாடு உங்களுக்கு வேடிக்கையா போச்சா டீச்சர்? அக்கம்பக்கத்துல யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு நான் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேன்."

டீச்சர் எழுந்து நின்றாள். "தப்புதாங்க. உங்களைக் கேட்டிருக்கணும். விழாவுலேர்ந்து எடுத்துடறேன்" என்றாள்.

அம்மா போனதும் நெட்டைப் பெண் கதவோரம் எட்டிப் பார்த்தாள். "மிஸ், அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு. மூணாவது பட்டன்ல தோள் இன்னும் இறங்கணும்னு திருத்தினதும் அவர்தான்."

அன்று சாயங்காலமே டீச்சர் அந்த வீட்டுக்குப் போனாள். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா முகம் கொடுக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"இவ என்னை... மறைச்சு மறைச்சே... இல்லாத ஆளாக்கிட்டா. பிள்ளைங்க... பார்க்கட்டும்."

குழாய் நின்றது. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "யாரோட கதைன்னு மேடையில சொல்லக் கூடாது. நான் வர மாட்டேன்."

விழாவில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இல்லாத சட்டைகளைப் போட்டார்கள். இரண்டு பேர் அசைவுகூட ஒன்றாக இல்லை. அரங்கில் இருமினார்கள், யாரோ சிரித்துப் பாதியில் விழுங்கினார்கள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் டீச்சர் நகத்தைக் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் தயங்கித்தான் வந்தது, ஆனால் சட்டென்று ஓயவில்லை.

கடைசி வரிசையில், பக்கத்து வீட்டுக்காரரோடு வந்திருந்த அப்பா, வெளியே வந்த டீச்சரைக் கூப்பிட்டார். "நல்லா... இருந்துச்சு. மூச்சை மட்டும்... சீக்கிரம் விட்டுட்டாங்க."

அடுத்த வருடம் டீச்சருக்கு வாரம் இரண்டாக இருந்த வகுப்பு ஒன்றாகக் குறைந்தது. நெட்டைப் பெண் வாலிபால் அணியில் சேர்ந்துவிட்டாள். அம்மாவைச் சில நாள் பஸ் நிறுத்தத்தில் பார்ப்பதுண்டு. பேசியதில்லை. தான் செய்தது சரியா என்று அந்த முகத்திடம்தான் கேட்க வேண்டும் என்று டீச்சர் இரண்டு அடி எடுத்துவைப்பாள். அதற்குள் பஸ் வந்துவிடும்.