அக்காவின் கம்ப்யூட்டரில் விழுந்த பூட்டு

கல்லூரி முடித்த வருடமே அக்காவுக்குப் பார்வை போய்விட்டது. அனுமந்தன்பட்டியில் எங்களோடுதான் இருந்தாள். செல்போன் எங்கள் பக்கம் வரத் தொடங்கிய சமயத்தில், திரையில் உள்ளதை ஆங்கிலத்தில் வாசித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றைச் சென்னையிலிருந்து அவளுக்கு வாங்கினோம். கம்ப்யூட்டரைவிட அதற்கு விலை அதிகம்.

கேசட்டில் வரும் ஆங்கில உரைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து, மதுரை அலுவலகம் ஒன்றுக்கு அனுப்புவாள். அடித்ததை அந்தக் குரல் வாசிக்கும், பிழையிருந்தால் திருத்துவாள். துணைக்கு யாரையும் கூப்பிடமாட்டாள்.

ஒரு சித்திரை மழையில் மின்னல் வெட்டி ஹார்ட் டிஸ்க் போயிற்று. தேனியில் புதிது மாற்றிக்கொண்டு வந்தேன். குரல் மட்டும் வரவில்லை. மென்பொருளோடு வந்த பிளாப்பி ஒரு கம்ப்யூட்டருக்கு, அதுவும் ஒரே தடவைதான் அனுமதி தருமாம். அந்த அனுமதி பழைய டிஸ்க்கோடு அழிந்துவிட்டது.

சென்னைக்குப் போன் போட்டேன். விற்றவர் தன்மையாகத்தான் பேசினார்.

"ஒருத்தர் வாங்கிப் பத்துப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துடறாங்க சார். இதை வாங்கறவங்களே கொஞ்சம் பேர். பூட்டுப் போடலேன்னா கம்பெனியை மூட வேண்டியதுதான். இதைச் செய்யற வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதறேன். புது அனுமதி வர நாளாகும்."

தேனிக் கடைக்காரர் குறுக்கு வழி சொன்னார். "பூட்டை உடைச்ச சிடி எங்கிட்ட இருக்குண்ணே. அக்கா சரின்னு சொன்னாகன்னா இப்பவே போட்டுத் தாரேன்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏலே, காசு குடுத்து வாங்குன பொருள நான் எதுக்குக் களவாங்கணும்?"

மறுநாளிலிருந்து நானே பக்கத்தில் உட்கார்ந்து அவள் அடித்ததை வாசித்துப் பார்த்தேன். எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற நேரம் அது. என் ஆங்கிலமும் வரிக்கு வரி முட்டி நின்றது. "போதும்ப்பா, நீ தோட்டத்தப் பாரு" என்று கேசட்டை நிறுத்திவிட்டாள்.

மதுரைக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அனுமதி அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது. குரல் முன்போலவே பேசியது. அக்கா மதுரைக்குப் பேசிப் பார்த்தாள், இடமில்லை என்றார்கள்.

அந்தச் சென்னைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் காப்பி போடுகிறவர்கள் தேனிக் கடையில் பூட்டு உடைத்த சிடி வாங்கிப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். வேலை போனது அக்காவுக்கு.

அவள் வேறு வேலை தேடவில்லை. மதுரையிலிருந்து கடைசியாக வந்து அடிக்காமல் கிடந்த கேசட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். நான்தான் கட்டித் தபாலில் போட்டேன்.